தூள் அறைப் பெண்களின் கண்கள்

எனக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் என் நாற்காலிக்கு வந்த பெண்ணின் பெயர் அஞ்சு. கோட்டயம் பக்கத்துப் பிள்ளை, கெட்டிக்காரி. நான் ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தபோது போன் செய்தாள். வீடு வீடாகப் போகும் ஆஷா சுகாதாரப் பணியாளர்களுக்குக் கண்புரை பற்றி ஒரு வகுப்பு வைத்திருக்கிறோம், பாதிப் பேர் எஸ்டேட் லயங்களில் இருந்து வரும் தமிழ்ப் பெண்கள், நீங்கள் வந்து தமிழில் ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று கேட்டாள். லயம் என்பது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடு. நான் பிறந்ததும் ஒரு லயத்தில்தான். சரி என்று போனேன்.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கலங்கிப் போவதுதான் புரை என்று தொடங்கினேன். தலை நரைப்பது போலத்தான் அதுவும். நாற்பது தாண்டியவர்களில் சிலருக்கு ஆரம்பிக்கும், அறுபது தாண்டியவர்களில் நிறையப் பேருக்கு இருக்கும், எண்பதில் அது இல்லாத கண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும். வயதுதான் பெரிய காரணம். ஆனால் சர்க்கரை வியாதி இருந்தால் முன்னாலேயே வரும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும், வெயிலிலேயே வாழ்நாளைக் கழித்தவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் சீக்கிரம் வரும். விறகுப் புகையும் கெடுதல்தான். சில மருந்துகளாலும் வரும் என்று சொன்னபோது பின்வரிசையில் இருந்து ஒரு பெண் கேட்டாள்.

"கண்ணுக்கு ஊத்துற சொட்டு மருந்தாலயுமா?"

ஆமாம், ஸ்டீராய்டு கலந்த மருந்தை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விட்டுக்கொண்டே இருந்தால் வரும் என்றேன். நீங்க அப்படி யாரையாவது பார்த்திருக்கீகளா என்று அவள் மறுபடியும் கேட்டாள். பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அன்று அங்கே சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏலப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டினார். அவர்களுடைய அப்பன் பாட்டன் திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து மலை ஏறியவர்கள். நான் மலையாளப் பள்ளியில் படித்து, இரண்டு வருடம் கண் பரிசோதனைப் பயிற்சி முடித்து, அரசு வேலைக்கு வந்தேன். கண்ணாடி எழுதுவது, கண்ணின் அழுத்தம் பார்ப்பது, கேம்ப் நடத்துவது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். ஆனால் வேலை என்றால் என்ன என்று கற்றது டாக்டர் லீலாம்மாவிடம்.

பீர்மேட்டுப் பக்கத்து மலையில் ஒரு அரசு ஆஸ்பத்திரி. அதன் பெயர் இங்கே வேண்டாம். நடந்த தப்பு ஆஸ்பத்திரியுடையது அல்ல, என்னுடையது. லீலாம்மா டாக்டர் அங்கே கண் டாக்டராக இருந்த எட்டு வருடமும் நான் அவருக்குக் கீழே வேலை செய்தேன். குள்ளமானவர், மெதுவாகப் பேசுவார், யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் சில பிடிவாதங்கள் இருந்தன. வெறும் கண்ணாடிக்காக வந்தவராக இருந்தாலும் சரி, பையில் இருக்கிற மருந்தை எல்லாம் எடுத்து மேஜைமேல் வைக்கச் சொல்வார். இழுப்புக்குச் சாப்பிடும் மாத்திரை, வைத்தியர் தந்த எண்ணெய், பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த சொட்டு மருந்து என்று எல்லாம் வெளியே வரும். ஒவ்வொன்றாக எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பெயரைப் படித்துச் சீட்டில் எழுதுவார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருக்கும். ஆரம்பத்தில் எனக்கு அது நேரத்தை வீணடிப்பதாகத்தான் பட்டது.

இன்னொரு பிடிவாதம் பிஸ்கட் டின். ஸ்டீராய்டு சொட்டு எழுதினால், எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி, காலிக் குப்பியைத் திரும்பக் கொண்டுவந்து அந்த டின்னில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பார். குப்பி வெளியே இருந்தால் அதைக் கடையில் காட்டி இன்னொன்று வாங்குவார்கள் என்பது அவர் கணக்கு. சீட்டையும் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுவார்.

அந்த மருந்து போட்டவர்களுக்கு ஒவ்வொரு முறையும் அழுத்தம் பார்த்தே ஆக வேண்டும். அப்போது எங்களிடம் இருந்தது பழைய கருவி. ஆளைப் படுக்கவைத்து, மரத்துப்போகும் மருந்து விட்டு, மேலே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, கருவியைக் கருவிழியின் மேல் நிமிர்ந்து நிற்கும்படி வைக்க வேண்டும். விரல் கண்ணை அழுத்திவிட்டால் கணக்குத் தப்பிப் போகும். முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அட்டவணையில் ஒப்பிட்டு எழுத வேண்டும். பிறகு கருவியைத் துடைத்து அடுத்த கண். ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும். லீலாம்மா டாக்டர் ஒருநாள் என் கையைப் பிடித்து, கண்ணைத் தொடாமல் எலும்பின் மேல் விரலை ஊன்ற வேண்டும் என்று காட்டித் தந்தார். இன்றும் அந்த அளவு என் விரலில் இருக்கிறது.

பேச்சியம்மாள் என்ற லயத்துப் பெண் முதலில் வந்தது அவர் இருந்தபோதுதான். இருபத்தெட்டு வயது இருக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் அறையில் வேலை. காய்ந்த தேயிலையைச் சல்லடையில் விட்டுத் தரம் பிரிக்கிற இடம் அது, காற்றெல்லாம் தூளாக இருக்கும். பெண்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வார்கள். கண்ணுக்கு ஒன்றும் கிடையாது. அவளுடைய இரண்டு கண்ணும் சிவந்து, இமை தடித்து, ஓயாமல் கசக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் இமையைப் புரட்டிப் பார்த்து அலர்ஜி என்றார். இரண்டு வாரத்துக்குச் சொட்டு எழுதினார். முதல் வாரம் நாலு வேளை, அடுத்த வாரம் இரண்டு வேளை, பிறகு நிறுத்திவிட வேண்டும். அரிப்பு நின்றது. காலிக் குப்பியை டின்னில் போட்டாள், அழுத்தம் பார்த்தோம், நன்றாக இருந்தது. அவளை வேறு இடத்துக்கு மாற்றும்படி மேனேஜருக்கு டாக்டர் ஒரு கடிதமும் கொடுத்தார். சில மாதம் மாற்றினார்கள். பிறகு ஆள் போதவில்லை என்று மறுபடியும் தூள் அறைக்கே அனுப்பிவிட்டார்கள்.

அதற்குள் டாக்டருக்கு மாற்றல் வந்துவிட்டது. அவருக்குப் பதில் யாரும் வரவில்லை. ஒன்றரை வருடம் கண் பிரிவில் நான் ஒருத்திதான் இருந்தேன். கண்ணாடி எழுதலாம், கேம்புக்கு ஆள் சேர்க்கலாம், மற்றதை மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மருந்து எழுத எனக்கு அதிகாரம் இல்லை. இதை அப்போதும் நன்றாகத் தெரிந்துதான் வைத்திருந்தேன்.

பேச்சியம்மாள் மறுபடி வந்தாள். நானும் லயத்துப் பெண் என்று தெரிந்ததில் இருந்து அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"கண்ணைக் கசக்கிக்கிட்டு நின்னா வெளிய போன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாருக்கா. கீழ போயிட்டு வர ஒரு நாளு போயிரும், இனி லீவு தர மாட்டாக. டாக்டரம்மா எழுதுன அதே மருந்தை எழுதித் தாங்கக்கா."

அவளைப் படுக்கவைத்து அழுத்தம் பார்த்தேன். சரியாக இருந்தது. ஓ.பி. சீட்டில் பழைய மருந்தின் பெயரை எழுதி, கீழே ரிப்பீட் என்று போட்டேன். நிறுத்த வேண்டிய தேதியை எழுதவில்லை. வாயால்தான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். ஒருத்திக்கு உதவி செய்த சந்தோஷம் அன்றைக்கு முழுக்க எனக்கு இருந்தது.

அதன்பின் நாலு முறை வந்தாள். இரண்டாவது முறை வெளியே கேம்புக் கூட்டம், பத்து நிமிடம் ஒதுக்க முடியவில்லை, அழுத்தம் பார்க்கவில்லை. போன தடவை நன்றாகத்தானே இருந்தது என்று நினைத்தேன். மூன்றாவது முறை அந்த நினைப்புக்கூட வரவில்லை. பிஸ்கட் டின் அலமாரியின் மேல் ஏறிப்போய் எத்தனையோ நாள் ஆகியிருந்தது. ஐந்தாவது சீட்டுக்குப் பிறகு அவள் வரவில்லை. குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். மெடிக்கல் ஷாப்பில் அந்தச் சீட்டைக் காட்டினால் போதும், எத்தனை முறையானாலும் மருந்து தருவார்கள் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள்.

சில மாதத்தில் எனக்கும் மாற்றல் வந்தது. பாலக்காடு ஜில்லாவில் கோவிந்தாபுரம் பக்கம் ஏழு வருடம் இருந்தேன். மலையில் இருந்து போனவளுக்கு அந்த வெயில் தாங்கவில்லை. மாந்தோப்பும் தென்னையும் நெல்லுமாக விவசாயம் செய்கிற தமிழ்க் குடும்பங்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் பேசுகிற அதே பேச்சு. எங்கள் லயத்துப் பேச்சு அவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நாள் முழுக்க வரப்பில் நிற்கிறவர்கள் ஆனதால் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதே பழகிப்போனவர்கள்.

அங்கே பழனிச்சாமி என்று ஒருவர். ஐம்பத்திரண்டு வயது, தோட்டம் துரவு உள்ளவர். பத்து வருடமாகச் சர்க்கரை, பீடி வேறு. எதிரே வண்டி வந்தால் வெளிச்சம் சிதறுகிறது என்று வந்தார். இரண்டு கண்ணிலும் புரை இருந்தது. சொன்னதும் கோபித்துக்கொண்டார்.

"ஏனுங்க சிஸ்டர், எங்கப்பாருக்கே எழுபதுக்கு மேலதானுங்க வந்துச்சு. எனக்கு இப்பவேவா? நல்லா முத்தட்டுமுங்க, அப்புறம் பாத்துக்கலாம்."

முற்ற வேண்டும் என்று காத்திருந்த காலம் போய்விட்டது, வேலைக்கு இடைஞ்சலானாலே செய்துகொள்ளலாம், அதிகம் முற்றவிட்டால் உள்ளே வீங்கி வலியும் அழுத்தமும் வந்து கண்ணே போகக்கூடும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். மூன்று முறை அவர் வீட்டுக்கே போனேன். கடைசியில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, இரண்டு கண்ணும் ஆபரேஷன் செய்துகொண்டார். பிறகு என்னை எங்கே பார்த்தாலும் வண்டியை நிறுத்திப் பேசிவிட்டுத்தான் போவார். ஒரு ஆளுக்காக மூன்று முறை வீடு தேடிப் போக எனக்குத் தெரிந்திருந்தது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஏனென்றால் அந்த வருடங்களில்தான் பாலக்காட்டில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. இளம் வயதில் புரை வந்தவர்களிடம் எதைக் கேட்க வேண்டும் என்று ஒரு டாக்டர் பேசினார். ஸ்டீராய்டு சொட்டினால் லென்ஸின் பின்பக்கம் கலங்குவதைப் படத்தில் காட்டினார். புரையை எடுத்துவிடலாம், ஆனால் அதே மருந்து அழுத்தத்தை ஏற்றி நரம்பைக் கெடுத்திருந்தால் அதைத் திருப்ப முடியாது, அழுத்தம் வலி இல்லாமலே ஏறும், நோயாளிக்குத் தெரியாது என்றார். எனக்கு உடனே பேச்சியம்மாள் ஞாபகம் வந்தது. அன்று மத்தியானம் அவளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்தேன். எஸ்டேட் பெயரும் லயத்து நம்பரும்கூட எனக்குத் தெரியும். இத்தனை நாளில் நிறுத்தியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடிதம் எழுதவில்லை.

வேலையின் கடைசி ஆறு வருடத்துக்கு மறுபடி அதே மலைக்கு வந்தேன். வந்த இரண்டாம் வருடம் எஸ்டேட் பள்ளிக்கூட ஹாலில் ஒரு கண் கேம்ப். கூட இருந்தவர் டாக்டர் நிஷாந்த், இளம் வயது, நல்ல கைராசிக்காரர். வரிசையில் எல்லாம் நரைத்த தலைகள். நடுவில் ஒருத்தி மட்டும் நாற்பதுக்குள் இருந்தாள். அவளை இன்னொரு பெண் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். அருகில் வந்த பிறகுதான் அது பேச்சியம்மாள் என்று தெரிந்தது. கூட்டி வந்தவள் முத்துலெச்சுமி, அதே தூள் அறையில் பக்கத்துச் சல்லடைக்காரி.

என் குரலைக் கேட்டதும் பேச்சியம்மாள் சிரித்துவிட்டாள். அக்கா வந்துட்டாக, இனி எனக்குப் பயமில்லை என்று முத்துலெச்சுமியிடம் சொன்னாள். வெயிலில் போனால் எல்லாம் வெள்ளையடித்த மாதிரி இருக்கிறது, இரண்டு வருடமாகவே மங்கல், அடுப்புப் புகையால் என்று லயத்தில் சொல்கிறார்கள் என்றாள்.

அவளை நிழலில் உட்காரவைத்து டார்ச் அடித்தேன். இரண்டு கண்மணிக்குள்ளும் சாம்பல் பூத்தது போல இருந்தது. பிறகு டார்ச்சை வலது கண்ணில் காட்டி, சட்டென்று இடதுக்கு மாற்றினேன். நல்ல கண் என்றால் வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்கும். அவளுடைய இடது கண்மணி வெளிச்சம் பட்ட பிறகு விரிந்தது. மறுபடி வலது, மறுபடி இடது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் விரிந்தது. வலது கண்ணைப் பொத்தச் சொல்லி, வெளிச்சம் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று கேட்டேன். காதுப் பக்கம் காட்டியபோது கையை நீட்டிக் காட்டினாள். மூக்குப் பக்கம் காட்டியபோது, இப்ப டார்ச்சை அணைச்சிட்டீகளாக்கா என்றாள்.

டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது. புரை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் வெளிச்சத்தின் திசையை மறைக்காது. இடது கண்ணின் நரம்பு போய்விட்டது என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. எதனால் என்றும் தெரிந்துவிட்டது.

டாக்டர் நிஷாந்த் அழுத்தம் பார்த்தார். இரண்டு கண்ணிலும் ஏறியிருந்தது, இடதில் மிக அதிகம். என்ன மருந்து விட்டாய் என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் எழுதித் தந்ததுதான் என்று அவள் இடுப்புப் பையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். உள்ளே நாலாக மடித்த சீட்டு. என் எழுத்து. டாக்டர் அதை விரித்துப் பார்த்து, யாரோ அறிவில்லாமல் ரிப்பீட் போட்டிருக்கிறார்கள், எத்தனை வருடமாகவோ இவள் இதை விட்டுக்கொண்டிருக்கிறாள் என்று மலையாளத்தில் என்னிடம் சொன்னார். எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பேச்சியம்மாளுக்குக் கடைத்தெரு மலையாளம் தெரியும், டாக்டர் பேசும் வேகம் பிடிபடாது. அதனால் அவர் என் பக்கம் திரும்பி, இதைத் தமிழில் தெளிவாகச் சொல்லுங்கள் என்றார். வலது கண்ணில் புரை எடுத்தால் பார்வை வரும். இடதில் எடுத்தாலும் பயன் இல்லை. அழுத்தத்துக்குத் தினமும் புது மருந்து விட வேண்டும். இவ்வளவும் வந்தது அந்தப் பழைய சொட்டால்தான், இனி அதைத் தொடக் கூடாது, கூட வேலை செய்கிறவர்கள் யாராவது விட்டால் அவர்களையும் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

நான் சொன்னேன். வலது கண்ணைப் பற்றிச் சொன்னேன். இடது கண்ணைப் பற்றியும், அவள் அழுகையை நிறுத்தும்வரை காத்திருந்து, சொன்னேன். புது மருந்தைப் பற்றிச் சொன்னேன். "பழைய மருந்து இனி ஒனக்கு வேண்டாம்" என்றேன். அது எதனால் வந்தது என்பதைச் சொல்லவில்லை. மற்றவர்களைப் பற்றியும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அவள் அடுத்துக் கேட்கப் போவது எனக்குத் தெரியும். டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சீட்டை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். முத்துலெச்சுமி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

ஆபரேஷனுக்கு நானே அழைத்துப் போனேன். சர்க்கரை, பிரஷர் பார்த்து, கண்ணீர்க் குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்து, எல்லாவற்றிலும் கூட நின்றேன். மறுநாள் கட்டைப் பிரித்ததும் முதலில் தன் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வயசாயிருச்சே அக்கா ஒங்களுக்கு என்றாள். வலது கண் நன்றாகத் தெரிந்தது. தொழிற்சாலையில் அவளைத் தூள் அறையில் இருந்து எடுத்து, தேயிலை நாற்று வளர்க்கும் நர்சரிக்கு மாற்றினார்கள்.

அதன்பிறகுதான் எனக்குக் கஷ்டம். லயத்தில் எங்கே கேம்ப் போட்டாலும் நாலு பேரை அழைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பாள். எனக்குக் கண்ணைக் கொடுத்தது இந்த அக்காதான் என்று எல்லோரிடமும் சொல்வாள். வீட்டில் காய்த்த சௌசௌவைப் பையில் போட்டுக் கொண்டுவந்து தருவாள். நான் வாங்கிக்கொள்வேன். அவள் பேசும்போது எப்போதும் முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி, வலது கண்ணால் என்னைப் பார்ப்பாள். நாலு வருடம் இப்படிப் போனது. ஓய்வு பெறும் நாளில் எனக்கு மாலை போட்டவர்களில் அவளும் ஒருத்தி.

வகுப்பில் அந்தப் பெண் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்துக்குப் போனேன். பேச்சியம்மாள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் காப்பி போட எழுந்தாள். வேண்டாம், உட்கார் என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு மருந்து எழுத அதிகாரம் இல்லை என்பதையும், அழுத்தம் பார்க்காமல் விட்டதையும், எழுதாத கடிதத்தையும், கேம்பில் டாக்டர் சொன்னதை முழுக்கச் சொல்லாததையும், ஒன்றும் விடாமல் சொன்னேன்.

 அவள் கையில் இருந்த துணியைப் பிழியாமலே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எங்கண்ணு அடுப்புப் பொகையால போகல."

"பொகையும் கெடுதல்தான். ஆனா ஒனக்குப் போனது அந்த மருந்தால."

"வயசாலயும் இல்ல."

"இல்ல."

டாக்டர் என்கூட வேலை செய்யுறவங்களுக்கும் சொல்லச் சொன்னாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் எழுந்து லயத்தின் முன்னால் போய் நின்று முத்துலெச்சுமியையும் இன்னும் இரண்டு பெண்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அரிப்புக்கு ஊத்துற மருந்தை எடுத்துக்கிட்டு வாங்க என்றாள்.

மூன்று பேரும் வந்தார்கள். மூன்று பேர் கையிலும் அதே குப்பி. முத்துலெச்சுமி பிளாஸ்டிக் கவரையும் கொண்டுவந்திருந்தாள். கவருக்குள் அந்தச் சீட்டு, மடிப்பெல்லாம் கிழிந்து, துணி போல ஆகியிருந்தது.

"ஆப்ரேசனுக்கு அப்புறம் எனக்கு வேண்டாம்னு சொன்னீகள்ல அக்கா," என்றாள் பேச்சியம்மாள். "இவளுக்கும் அதே அரிப்பு. எனக்கு நல்லாக் கேட்ட மருந்தாச்சேன்னு நாந்தான் சீட்டைக் குடுத்தேன்."

ஒனக்கு வேண்டாம் என்று நான் சொன்ன வார்த்தையை அவள் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத்தான் வேண்டாம். மற்றவர்களுக்கு வேண்டாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் நாலு பேரையும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இப்போது படுக்கவைக்கிற கருவி எல்லாம் இல்லை. கண்ணில் சின்னதாகக் காற்று அடித்து ஒரு நிமிடத்தில் அழுத்தத்தைச் சொல்லிவிடும் இயந்திரம் இருக்கிறது. அஞ்சு ஒவ்வொருவராக உட்காரவைத்தாள். முத்துலெச்சுமியோடு வந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்கு ஒன்றும் இல்லை. இன்னொருத்திக்கு லென்ஸின் பின்னால் கலக்கம் தொடங்கியிருந்தது, அழுத்தம் சரியாக இருந்தது. முத்துலெச்சுமிக்கு இரண்டு கண்ணிலும் ஏறியிருந்தது. டாக்டர் நிஷாந்த் உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்த்து, வலது கண்ணின் நரம்பு குழிய ஆரம்பித்திருக்கிறது, போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம், ஆனால் வாழ்நாள் முழுக்க மருந்து விட வேண்டும் என்றார். இந்த முறை அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொன்னேன்.

பிறகு சீட்டை அவர் மேஜைமேல் வைத்து, இது என் எழுத்து டாக்டர் என்றேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மருந்து கொடுத்த கடை எது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். அஞ்சு தலை நிமிரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அந்த மூன்று பேரும் முன்னால் உட்கார்ந்தார்கள். பேச்சியம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவளுடைய இடது பக்கத்தில் இருந்தேன், என்னைப் பார்க்க அவள் முழுதாகத் திரும்ப வேண்டும். அவள் திரும்பவில்லை. இரண்டு மூன்று வளைவு தாண்டிய பிறகு பேசினாள்.

"எனக்கு எழுதிக் குடுத்தது தெரியாமச் செஞ்சதுன்னு வச்சுக்கிடலாம். நானும் கெஞ்சித்தான வாங்குனேன். முத்துலெச்சுமிக்குச் சொல்ல ஒங்களுக்கு நாலு வருசம் இருந்துச்சேக்கா."

ஆமா என்றேன். 

லயத்து ஸ்டாப்பில் நாலு பேரும் இறங்கினார்கள். மூன்று மாதம் கழித்து முத்துலெச்சுமிக்கு மறுபடியும் அழுத்தம் பார்க்க வேண்டும், நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். மற்றவர்கள் நடந்துவிட்டார்கள். பேச்சியம்மாள் மட்டும் நின்று, என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"வேண்டாம்க்கா. நாங்களே போய்க்கிடுதோம்," என்றாள்.